ராஜகோபால தொண்டைமான்

ராஜகோபால தொண்டைமான் (ஜூன் 23, 1922 – ஜனவரி 16, 1997) புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் ஒன்பதாவது மன்னரும் கடைசி மன்னரும் ஆவார். 1928 முதல் 1948 வரை சமஸ்தானத்தின் ஆட்சி இவர் பெயரில் நடைபெற்றது. எனினும் இவ்விருபது ஆண்டுகளில் இவர் முழு அதிகாரத்துடன் ஆண்ட காலம் நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலானது மட்டுமே. மார்ச் 3, 1948 அன்று புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டு, சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாயிற்று. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது தமது அரண்மனையை மாவட்டத் தலைமையகத்திற்காக அரசிடம் ஒப்படைத்தார். இவ்விரு ஒப்படைப்புகளுமே தமிழக வரலாற்றில் இவருக்குரிய இடத்தைத் தீர்மானித்தன.

சமஸ்தானத்தின் பின்னணி

புதுக்கோட்டைச் சமஸ்தானம் ஏறத்தாழ 1,179 சதுர மைல் பரப்புடையது. ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்னும் மூன்று வட்டங்களைக் கொண்டிருந்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் ஆகிய பிரித்தானிய ஆட்சிப் பகுதிகள் இதனைச் சூழ்ந்திருந்தன. கடற்கரை கிடையாது. வற்றாத பேராறும் இல்லை. மழைநீரைத் தேக்கும் ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் ஊருணிகளையும் நம்பியே வேளாண்மை நடந்தது. 1941ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 4.38 லட்சம் பேர் வாழ்ந்தனர்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் கிழவன் சேதுபதி, தம் மனைவி காதலி நாச்சியாரின் உடன்பிறந்தவரான ரகுநாதராயத் தொண்டைமானுக்கு இப்பகுதியின் ஆட்சியை அளித்ததிலிருந்து தொண்டைமான்களின் ஆட்சி தொடங்குகிறது. கர்நாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் தொண்டைமான்கள் ஆங்கிலேயரின் பக்கம் நின்றனர். 1799இல் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பி வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டை எல்லைக்குள் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இந்நிகழ்வு தொண்டைமான் மரபின் மீது நீங்காத பழியாகத் தமிழ் மக்களின் நினைவில் தங்கியது.

இந்த நட்பின் பயனாகப் புதுக்கோட்டை ஆங்கிலேயருக்குக் கப்பம் கட்டாத அரசாகத் தொடர்ந்தது. சுற்றியிருந்த பாளையங்கள் பல அழிக்கப்பட்டன. வேறு சில ஜமீன்களாகச் சுருங்கின. தமிழ் பேசும் பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டு வரை தனியரசாக நீடித்த பெரிய சமஸ்தானம் புதுக்கோட்டை ஒன்றே எனலாம். மன்னர்கள் திருக்கோகர்ணம் பிரகதாம்பாளின் அடியவர்களாகத் தம்மைக் கருதி, பிரகதாம்பாள் தாஸ் என்னும் பட்டத்தைத் தாங்கினர். அம்மனின் உருவம் பொறித்த அம்மன் காசு என்னும் செப்புக் காசு சமஸ்தானத்தின் சொந்த நாணயமாக வழங்கியது. நவராத்திரி விழாவின்போது ஏழைகளுக்கு அரிசியுடன் இக்காசும் வழங்கப்பட்டது.

மார்த்தாண்ட பைரவரும் வாரிசுச் சிக்கலும்

ராஜகோபால தொண்டைமான் அரியணை ஏறியதற்குக் காரணம் அவருக்கு முன்னிருந்த மன்னரின் திருமணம் ஆகும். மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் (1875–1928) 1886இல் சிறுவனாக இருந்தபோதே பட்டத்துக்கு வந்தார். 1894 வரை சர் அ. சேஷையா சாஸ்திரி ஆட்சிப் பொறுப்பை நடத்தினார். நகரின் நேரான தெருக்கள் அவர் காலத்தில் அமைந்தவை. மார்த்தாண்ட பைரவரின் ஆட்சியில் 1902இல் மக்கள் பிரதிநிதிகளைக் கொண்ட அவை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1910இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்னும் மாணவியைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் அனுமதி வழங்கினார். அவரே பின்னாளில் மருத்துவராகவும் சமூகச் சீர்திருத்தவாதியாகவும் விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆவார்.

1915இல் மார்த்தாண்ட பைரவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மோலி ஃபிங்க் என்னும் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். பிரித்தானிய அரசு இத்திருமணத்தை விரும்பவில்லை. மோலியை அரசியாக ஏற்கவோ, அவருக்குப் பிறக்கும் குழந்தையை வாரிசாக ஏற்கவோ இயலாது எனத் தெரிவித்தது. இருவரும் புதுக்கோட்டைக்கு வந்து சில மாதங்களே தங்கினர். அப்போது கருவுற்றிருந்த மோலிக்கு நஞ்சூட்டும் முயற்சி நடந்ததாக ஐயம் எழுந்தது. அவர்கள் மீண்டும் ஆஸ்திரேலியா சென்றனர். 1916இல் சிட்னி நகரில் மகன் பிறந்தான். அவனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் எனப் பெயரிடப்பட்டது.

மகனுக்கு வாரிசுரிமை கிடைக்காது என்பது உறுதியானபின் மன்னர் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகி ஐரோப்பாவில் குடியேறினார். அவருடைய உடன்பிறந்தவரான ரகுநாத பல்லவராயர் 1922 முதல் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்தார். 1924இல் சட்டசபை ஒன்று அமைக்கப்பட்டது. மே 28, 1928 அன்று மார்த்தாண்ட பைரவர் பாரிஸ் நகரில் காலமானார். அவரது உடல் புதுக்கோட்டைக்குக் கொண்டுவரப்படாமல் இலண்டனில் எரியூட்டப்பட்டது.

ஆறு வயது மன்னர்

மன்னரின் சொந்த மகன் உயிருடன் இருக்கும்போதே வேறொருவரை அரியணையில் அமர்த்த வேண்டிய நிலை ஏற்பட்டது. தொண்டைமான் மரபின் கிளைக் குடும்பத்தில் ஜூன் 23, 1922 அன்று பிறந்திருந்த ராஜகோபாலன் தேர்ந்தெடுக்கப்பட்டார். நவம்பர் 19, 1928 அன்று இவருக்குப் பட்டம் சூட்டப்பட்டது. அப்போது இவருக்கு வயது ஆறு.

இத்தேர்வில் சிறுவனுக்கோ புதுக்கோட்டை மக்களுக்கோ எந்தப் பங்கும் இருக்கவில்லை. இறுதி முடிவை எடுத்தது பிரித்தானிய அரசே. 1923 முதல் புதுக்கோட்டை, திருவிதாங்கூர், கொச்சி, பங்கனப்பள்ளி, சந்தூர் ஆகிய ஐந்து சமஸ்தானங்களும் சென்னை அரசின் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டு, இந்திய அரசின் நேரடித் தொடர்பில் இருந்த முகவர் ஒருவரின் கண்காணிப்பின் கீழ் வந்திருந்தன. இளம் மன்னரின் கல்விக்கும் வளர்ப்புக்கும் கேப்டன் ஹார்வி என்னும் ஆங்கிலேயர் அமர்த்தப்பட்டார்.

நிர்வாகிகளின் காலம்

மன்னர் சிறுவராக இருந்த காலத்தில் சமஸ்தானத்தை அதிகாரிகளே நடத்தினர். முதலில் டி. ராகவையாவும் அடுத்து ஹோல்ட்ஸ்வொர்த்தும் பொறுப்பில் இருந்தனர். 1934 முதல் 1946 வரை சர் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் நிர்வாகியாகப் பணியாற்றினார். இவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரி ஆவார்.

இக்காலம் அமைதியானதாக மட்டும் இருக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள்களின் விலை வீழ்ந்திருந்த நிலையில், 1931இல் புதிய வரிகளை எதிர்த்துப் புதுக்கோட்டை நகரில் பெரும் கலகம் மூண்டது. பொறுப்பாட்சி வேண்டும் என்னும் கோரிக்கையும் வளர்ந்து வந்தது. பிரித்தானிய இந்தியாவில் 1937இல் தேர்தல் மூலம் அமைச்சரவைகள் அமைந்தபின், எல்லைக்கு அப்பால் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தவர்களுக்கு இருந்த உரிமை தங்களுக்கு இல்லை என்னும் குறை சமஸ்தான மக்களிடம் இருந்தது. இந்திய விடுதலைப் போராட்டத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான சத்தியமூர்த்தி சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தவர். ஆனால் அவரது அரசியல் வாழ்வு முழுவதும் சமஸ்தானத்துக்கு வெளியிலேயே அமைந்தது.

அதே வேளையில் அறிவுத்துறையில் குறிப்பிடத்தக்க பணிகள் நடந்தன. சமஸ்தானத்தின் கல்வெட்டுகள் தொகுத்து வெளியிடப்பட்டன. கே. ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்த புதுக்கோட்டை வரலாற்றுக் கையேடு 1938 முதல் 1944 வரையிலான ஆண்டுகளில் வெளிவந்தது. சித்தன்னவாசல் ஓவியங்கள், நார்த்தாமலை விஜயாலய சோழீச்சுரம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, கொடும்பாளூர் மூவர் கோயில் ஆகியவற்றை இன்று படிக்கும் மாணவர்கள் பலவகையில் இக்காலத் தொகுப்புகளுக்குக் கடன்பட்டுள்ளனர்.

முழு அதிகாரம் (1944–1948)

ஜனவரி 17, 1944 அன்று ராஜகோபால தொண்டைமானுக்கு முழு ஆட்சி அதிகாரம் வழங்கப்பட்டது. அப்போது இவருக்கு 21 வயது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. உணவுத் தட்டுப்பாடும் விலையேற்றமும் நாடெங்கும் நிலவின. வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டைக்கு இது கூடுதல் சுமையாக அமைந்தது.

மன்னரின் திவானாக 1940களில் பி. கலிபுல்லா பணியாற்றினார். இவர் 1937இல் கூர்மா வெங்கட ரெட்டி தலைமையில் அமைந்த சென்னை மாகாண இடைக்கால அமைச்சரவையில் இடம்பெற்றவர். அதன் பின்னர் கட்டாய இந்தியை எதிர்த்துச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தவர்.

இளம் மன்னர் தம் ஆட்சியை வகுத்துக்கொள்வதற்குள் இந்தியாவின் அரசியல் நிலை முற்றிலும் மாறிவிட்டது. 1946இல் அமைச்சரவைத் தூதுக்குழு வந்தபோதே, பிரித்தானியர் வெளியேறினால் சமஸ்தானங்களின் மீது அவர்களுக்கிருந்த மேலாண்மையும் முடிவுக்கு வரும் என்பது தெளிவாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் ஆங்கிலேயரின் நட்பையே அரணாகக் கொண்டிருந்த ஓர் அரசுக்கு அந்த அரண் நீங்கும் நாள் நெருங்கியது.

இந்திய ஒன்றியத்துடன் இணைப்பு

1947இல் இந்தியாவில் ஏறத்தாழ 560 சமஸ்தானங்கள் இருந்தன. சர்தார் வல்லபாய் படேலின் தலைமையில் அமைந்த சமஸ்தானங்கள் துறையும் அதன் செயலாளர் வி. பி. மேனனும் இவற்றை ஒன்றியத்தில் சேர்க்கும் பணியை மேற்கொண்டனர். முதற்கட்டத்தில் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்று துறைகளை மட்டும் ஒன்றியத்துக்கு அளிக்கும் சேர்க்கை ஒப்பந்தம் கோரப்பட்டது. உள்ளாட்சி மன்னரிடமே இருக்கும் என்பது அதன் பொருள். புதுக்கோட்டையும் அவ்வாறே ஒன்றியத்தில் சேர்ந்தது.

இரண்டாம் கட்டமே கடினமானது. தனித்து இயங்கப் போதிய வருவாயோ பரப்போ இல்லாத சிறு அரசுகள் அண்டை மாகாணங்களுடன் முழுமையாக இணைய வேண்டும் என்பது படேலின் கொள்கை. 1947 டிசம்பரில் ஒரிசா, சத்தீசுகர் பகுதிகளின் சிறு அரசுகள் முதலில் இணைந்தன. தென்னகத்தில் 1948 தொடக்கத்தில் பங்கனப்பள்ளியும் புதுக்கோட்டையும் இணைந்தன. சந்தூர் 1949இல் இணைந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் அளவில் பெரியவை என்பதால், 1949இல் ஒன்றுசேர்ந்து தனி மாநிலமாயின.

மன்னருக்கு முன் இருந்த வழிகள் குறைவு. திருவிதாங்கூரின் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் தனி நாடு அறிவிப்பை வெளியிட்டு, கடும் எதிர்ப்பையும் ஜூலையில் தம்மீது நடந்த கொலைமுயற்சியையும் சந்தித்தார். சில நாட்களில் திருவிதாங்கூர் ஒன்றியத்தில் சேர்ந்தது. இணைய மறுத்த ஐதராபாத்துக்குள் 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்தது. புதுக்கோட்டையோ நாற்புறமும் சென்னை மாகாணத்தால் சூழப்பட்டது. எனினும் ஒரு மன்னர் பேச்சுவார்த்தையை நீட்டிக்கவும், காலம் கடத்தவும், கசப்புடன் வெளியேறவும் இயலும். வேறு சில சமஸ்தானங்களில் அவ்வாறே நடந்தது. புதுக்கோட்டையில் அவ்வகைப் பூசல் எதுவும் எழவில்லை.

மார்ச் 3, 1948 அன்று புதுக்கோட்டையின் நிர்வாகம் சென்னை மாகாண அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 260 ஆண்டுகள் நீடித்த தொண்டைமான்களின் ஆட்சி அன்றுடன் முடிவுற்றது. அன்று மன்னருக்கு வயது 25.

இணைப்பின் விளைவுகள்

சமஸ்தானம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு வருவாய்க் கோட்டமாக மாறியது. தனி நீதிமன்ற அமைப்பும் சட்டசபையும் கலைந்தன. அம்மன் காசு வழக்கொழிந்தது. 1949இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்தின் சட்டங்கள் புதுக்கோட்டைக்கும் பங்கனப்பள்ளிக்கும் விரிவாக்கப்பட்டன.

மக்களுக்குக் கிடைத்தவற்றுள் முதன்மையானது வாக்குரிமை. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கி நடத்தப்பட்ட முதல் பொதுத்தேர்தலில், புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியைச் சேர்ந்த முத்துசாமி வல்லத்தரசு வெற்றி பெற்றார். மன்னரின் பெயரால் ஆளப்பட்ட மக்கள் நான்கே ஆண்டுகளில் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுத்து தில்லிக்கு அனுப்பினர்.

இழப்பும் இருந்தது. தலைநகராக இருந்த ஊர் கோட்டத் தலைமையிடம் என்னும் நிலைக்கு இறங்கியது. மாவட்ட ஆட்சியரைக் காண வேண்டுமெனில் திருச்சிராப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். இந்நிலை 26 ஆண்டுகள் நீடித்தது.

விராலிமலையில் ஏற்பட்ட மாற்றம்

சமஸ்தானத்தின் முடிவு ஊர்களில் எவ்வாறு உணரப்பட்டது என்பதற்கு விராலிமலை ஓர் எடுத்துக்காட்டாகும். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர் சமஸ்தானத்தின் குளத்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள குன்றின் மீது முருகன் கோயில் உள்ளது. அருணகிரிநாதரால் பாடப்பெற்ற இத்தலம் காட்டு மயில்களுக்கும் பெயர் பெற்றது. இறைவனுக்குச் சுருட்டு படைக்கும் வழக்கமும் இங்கு உண்டு. இவ்வழக்கத்தைப் புதுக்கோட்டை மன்னர் ஒருவர் தடுக்க முனைந்ததாகவும், முருகனே கனவில் தோன்றி அதைத் தொடரச் செய்ததாகவும் தலக்கதை கூறுகிறது.

விராலிமலைக் கோயில் சதிர் ஆட்டத்துக்கும் குறவஞ்சி நாடகத்துக்கும் புகழ்பெற்றிருந்தது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி அர்ப்பணிக்கப்பட்ட பெண்கள் நாள்தோறும் மலைப்படிகளில் ஏறிச் சென்று பாடி ஆடினர். சமஸ்தானத்தின் ஆதரவும் கோயில் மானியமும் அவர்களது வாழ்வுக்கு ஆதாரமாக இருந்தன. 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. இதற்கான இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இணைப்புக்குப் பின் இத்தடை விராலிமலைக்கும் வந்தது.

சிறுமிகளைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் வழக்கம் ஒழிந்தது பெரும் நன்மை. ஆனால் ஏற்கெனவே அர்ப்பணிக்கப்பட்டிருந்த பெண்களுக்கு அரசரின் ஆதரவும் போயிற்று. கோயில் பணியும் போயிற்று. மாற்று வாழ்வாதாரம் ஏதும் உடனடியாகக் கிடைக்கவில்லை. விராலிமலைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 32 பெண்களுள் கடைசியாக எஞ்சியவர் என அறியப்படும் முத்துகண்ணம்மாள், பல்லாண்டுகள் வறுமையில் இருந்தபின், சதிர் கலைக்காக 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சமஸ்தானத்தின் முடிவில் விடுதலையும் இழப்பும் ஒன்றாகவே வந்தன என்பதை இது காட்டுகிறது.

சமஸ்தானத்தின் பொறுப்பில் இருந்த கோயில்கள் பின்னர் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வந்தன. புதுக்கோட்டை தேவஸ்தானம் என்னும் பெயர் அத்துறையில் இன்றும் நிலைத்துள்ளது.

இணைப்புக்குப் பின்

ஆட்சியை ஒப்படைத்த மன்னர்களுக்கு இந்திய அரசு மன்னர் மானியம் வழங்கியது. அவர்களது பட்டங்களும் சில தனிச் சலுகைகளும் அங்கீகரிக்கப்பட்டன. இவை அரசியலமைப்புச் சட்டத்திலேயே உறுதி செய்யப்பட்டிருந்தன. அவற்றை நீக்கும் முயற்சி 1970இல் மாநிலங்களவையில் தோல்வியடைந்தது. அதனைத் தொடர்ந்து வெளியிடப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. 1971இல் நிறைவேறிய 26ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் முற்றிலும் ஒழித்தது. அதன் பின் சட்டத்தின் பார்வையில் ராஜகோபால தொண்டைமான் மற்ற குடிமக்களைப் போன்ற ஒருவரே. ஆயினும் புதுக்கோட்டை மக்களின் வழக்கில் இவர் இறுதிவரை மன்னர் என்றே குறிப்பிடப்பட்டார்.

முன்னாள் மன்னர்கள் பலர் இக்காலத்தில் தேர்தல் அரசியலில் இறங்கினர். குவாலியர், ஜெய்ப்பூர் போன்ற அரச குடும்பத்தினர் நாடாளுமன்றத்தில் இடம்பெற்றனர். அண்டையிலிருந்த இராமநாதபுரம் சண்முக ராஜேஸ்வர சேதுபதி, 1937 தேர்தலில் முத்துராமலிங்கத் தேவரிடம் தோற்றவர். ஆயினும் பின்னர் சட்டமன்ற உறுப்பினராகி, ராஜாஜி, காமராசர் ஆகியோரின் அமைச்சரவைகளில் அமைச்சராகப் பணியாற்றினார். ராஜகோபால தொண்டைமான் இத்தகைய பதவி எதனையும் வகிக்கவில்லை. இவருடைய இளவல் விஜயரகுநாத தொண்டைமான் காங்கிரசுக் கட்சியில் சேர்ந்து, புதுக்கோட்டைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார்.

மாவட்டமும் அரண்மனையும்

ஜனவரி 14, 1974 அன்று, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் உருவாக்கப்பட்டது. பழைய சமஸ்தானப் பகுதியுடன், தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதியும் இதில் சேர்ந்தது. இதனால் கடற்கரை இல்லாத சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டைக்கு மாவட்டம் என்ற வகையில் கடற்கரையும் கிடைத்தது.

புதிய மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் முதலான பல அலுவலகங்கள் தேவைப்பட்டன. நகரின் நடுவே இருந்த பழைய அரண்மனையைத் தவிர, இருபதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட புதிய அரண்மனை ஒன்றும் பரந்த வளாகத்துடன் இருந்தது. இந்தோ-சாரசனிக் பாணியில் அமைந்த இக்கட்டிடத்தை மன்னர் மாவட்டத் தலைமையகத்திற்காக அரசிடம் ஒப்படைத்தார். புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இன்றும் இங்குதான் இயங்கி வருகிறது.

இதன் பொருளைப் புரிந்துகொள்ள, மற்ற ஊர்களில் உள்ள அரண்மனைகளை நோக்கலாம். இந்தியாவில் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டபின் அரண்மனைகள் பல தங்கும் விடுதிகளாயின. சில பாகப்பிரிவினை வழக்குகளில் சிக்கிச் சிதைந்தன. புதுக்கோட்டையில் பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனுக் கொடுக்க வரும் எவரும் அரண்மனை வாயிலைக் கடந்து செல்கின்றனர். திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு விராலிமலையிலிருந்தும் மணமேல்குடியிலிருந்தும் மக்கள் வரும் இடம் இவ்வளாகமே.

மறைவு

ராஜகோபால தொண்டைமான் ஜனவரி 16, 1997 அன்று தமது 74ஆம் வயதில் காலமானார். புதுக்கோட்டை மாவட்டம் தோன்றி 23 ஆண்டுகள் நிறைவடைந்த இரண்டாம் நாள் அது. இவருக்கு முன்னிருந்த மன்னர் தம் நாட்டுக்குத் திரும்ப இயலாமல் பாரிஸ் நகரில் இறந்தார். ராஜகோபால தொண்டைமானோ நாட்டை ஒப்படைத்த பின்னும் அந்நாட்டு மக்களிடம் மதிப்பு இழக்காமல் வாழ்ந்து மறைந்தார்.

இவருக்குப் பின் குடும்பத்தின் தலைமை இவருடைய உடன்பிறந்தார் வழியில் சென்றது. அவ்வழியில் வந்த இளைய ராஜகோபால தொண்டைமானின் மனைவி சாருபாலா தொண்டைமான் 2001 முதல் 2009 வரை திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் மேயராகப் பணியாற்றினார். இணைப்பின்போது எந்த மாவட்டத்தின் கோட்டமாகச் சமஸ்தானம் மாற்றப்பட்டதோ, அம்மாவட்டத்தின் தலைநகரில் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தேர்தல் மூலம் பதவிக்கு வந்தது குறிப்பிடத்தக்கது.

நினைவு

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மன்னரின் சிலை உள்ளது. இவர் பிறந்த நாளான ஜூன் 23 அன்று அச்சிலைக்கு மாலை அணிவிக்கப்படுகிறது. 2022இல் இவரது நூற்றாண்டு புதுக்கோட்டையில் கொண்டாடப்பட்டது. மன்னர் கல்லூரி என வழங்கும் அரசுக் கல்லூரி, திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் ஆகியவை சமஸ்தான காலத்தில் தோன்றி இன்றும் இயங்கும் நிறுவனங்கள் ஆகும்.

மதிப்பீடு

ராஜகோபால தொண்டைமானின் ஆட்சியைச் சாதனைகளின் பட்டியலாக எழுதுவது எளிதன்று. இவர் பெயரில் நடந்த பணிகளுள் பெரும்பகுதி இவர் சிறுவராக இருந்தபோது அதிகாரிகளால் செய்யப்பட்டவை. முழு அதிகாரம் பெற்ற நான்கு ஆண்டுகளும் போர்க்காலத் தட்டுப்பாட்டிலும் அரசியல் மாற்றத்திலும் கழிந்தன. இணைப்பும் அவர் ஒருவரின் விருப்பத்தால் மட்டும் நிகழ்ந்தது எனக் கூற இயலாது. புதுக்கோட்டையின் அமைவிடமும் காலமும் வேறு வழியை அனுமதிக்கவில்லை.

ஆனால் 1974ஆம் ஆண்டின் ஒப்படைப்புக்கு அத்தகைய நெருக்கடி எதுவும் இல்லை. மானியமும் பட்டமும் பறிக்கப்பட்டு மூன்றாண்டுகளுக்குள், தம்மிடம் எஞ்சியிருந்த பெருஞ்சொத்து ஒன்றை அரசுப் பயன்பாட்டுக்கு விட்டுக் கொடுத்தார். 1948இல் தலைநகர் என்னும் நிலையை இழந்த ஊர், தலைமையிடமாக மீண்டும் எழுவதற்கு அரண்மனை இடமளித்தது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த அரசு என்னும் பழியுடன் அறியப்பட்ட ஒரு மரபு, மக்களின் அலுவலகத்துக்கு அரண்மனையைக் கொடுத்த மரபு என்றும் அறியப்படுவதற்கு இச்செயலே காரணமாயிற்று.